பச்சை இலை போட்ட டப்பா

மருந்துக்கடையில் புதிதாக வேலைக்கு நிற்கிற உங்களில் ஒருத்தி போன வாரம் எனக்குப் போன் செய்தாள். பின்னால் கடை இரைச்சல் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மேடம், முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுற ஒரு அம்மா வந்திருக்காங்க. எதிர்ப்பு சக்திக்குப் பவுடர் வேணும்ங்கிறாங்க. மூலிகைன்னுதான் போட்டிருக்கு. குடுத்துரலாமா?” என்று கேட்டாள்.

“குடுக்காத. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச்சொல்லு. அதுக்கு முன்னாடி, அந்தப் பவுடர் இப்ப எதுக்கு வேணும்னு தோணுச்சுன்னு அந்தம்மாகிட்டயே கேளு” என்றேன்.

“அத எதுக்கு மேடம் கேக்கணும்?”

அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். போனை வைத்துவிட்டாள். அவள் கேட்ட கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. அதற்குப் போனில் பதில் சொல்லியிருக்கவும் முடியாது.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் என் ஆயுசில் பாதிக்குமேல் நின்றவள் நான். மருந்தாளுநர் படிப்பை முடித்த கையோடு சேர்ந்தேன். கால் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்க முடியாமல் போன பிறகுதான் விட்டேன். இப்போது வீட்டில் இருக்கிறேன். ரோடு வெறிச்சோடிக் கிடக்க, திருச்சுழிப் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நிழலுக்காகக் கடை வாசலில் வந்து ஒதுங்குகிற மத்தியான நேரம் வந்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கும். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற முகங்களில் நான் அதிகம் தேடுவது முத்துச்செல்வியின் முகத்தை. அவளைப் பற்றிச் சொன்னால் அந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதாக இருக்கும்.

செல்வி திருச்சுழிக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர்க்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். இவள் டிகிரி முடித்து, நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர் ஆனாள். கண்மாயில் மண் வெட்டுகிற இடத்தில் நின்று வந்தவர்களின் பெயரைக் கூப்பிட்டு, வெட்டிய குழியை அளந்து, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். வறண்ட கண்மாய்க்குள் நிழல் ஏது? வேலை முடியும்வரை வெயிலில்தான் நிற்க வேண்டும். அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. “கரைமேல நின்னு நான் ஒரு சத்தம் குடுத்தேன்னு வைங்க, அந்தக் கோடியில கருவேலஞ்செடிக்குள்ள படுத்திருக்கிற ஆளு மம்பட்டியோட எந்திரிச்சு வரும்க்கா” என்பாள்.

கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் நோய் வந்தது. முதலில் கன்னத்திலும் மூக்கிலும் சிவப்பாகத் தடித்தது. வேர்க்குரு என்றார்கள். பிறகு விரல் மூட்டுகள் வீங்கின. முடி கொத்துக் கொத்தாக வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டு அடித்தது. மதுரையில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, லூபஸ் என்றார். வெளியிலிருந்து வருகிற கிருமியை விரட்ட வேண்டிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் தன் உடம்பையே அடிக்கிற நோய் அது. தோல், மூட்டு, சிறுநீரகம் என்று எதையும் தொடும். மருந்தால் அடக்கி வைக்கலாம். அடியோடு போக்க இன்னும் மருந்து வரவில்லை. வெயில் பட்டால் மறுபடி சீறிக் கிளம்பும்.

அதனால் வெயிலில் நிற்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தியிடம் அதைச் சொல்வது என்ன லேசுப்பட்ட காரியமா? ஒரு மனுசியை அவள் ஊரிலிருந்தே தள்ளிவைக்கிற மாதிரி அது. செல்வி வேலையை விட்டாள். மாசத்துக்கு ஒரு தடவை, சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் துண்டால் மூடி, குடையோடு எங்கள் கடைக்கு வருவாள். நோயை அடக்கும் மாத்திரை, கால்சியம், வைட்டமின் டி, அவ்வளவுதான் வாங்குவாள். சத்தம் கொடுத்தால் கண்மாயே எழுந்திருக்கும் என்று சொன்னவள், “அக்கா, மாத்திரை” என்று கேட்பது பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது.

அவள் புருஷன் கருப்பசாமி. சொந்தமாக ஒரு மினி லோடு வண்டி வைத்திருந்தான். மல்லாங்கிணறு, காரியாபட்டி, விருதுநகர் என்று லோடு அடிப்பான். போகிற ஊரிலெல்லாம் பெண்டாட்டிக்கு ஏதாவது ஒரு சத்து டப்பா வாங்கிக்கொண்டு வருவான். பூவும் அல்வாவும் வாங்க வேண்டிய வயசில் அவன் டப்பா வாங்கினான். ஒருநாள் அவன் எங்கள் கடையிலேயே வந்து ஒரு எதிர்ப்பு சக்திப் பவுடர் கேட்டபோது, “வீட்டுல அவ என்னென்ன சாப்பிடுறாளோ எல்லாத்தையும் ஒரு பைல போட்டுக் கொண்டா தம்பி, பார்த்துட்டுத் தாரேன்” என்று திருப்பி அனுப்பினேன்.

மறுநாளே கட்டைப்பை நிறையக் கொண்டுவந்து கவிழ்த்தான்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கால்சியமும் வைட்டமின் டியும் டாக்டரம்மா எழுதியவை. அதை அவன் நம்பவே இல்லை. “வெயில்ல கெடைக்கிற சத்தாம்ல இது? எங்க ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்? இதுக்குப் போயி மாத்திரையா?” என்று சிரித்தான். “அவ வெயில்ல நிக்கிறாளா?” என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்து ஸ்பைருலினா என்கிற சுருள்பாசி மாத்திரை. பிறகு அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, கலந்த பவுடர். இரண்டையும் ஓரமாகத் தள்ளினேன். மற்றவர்களுக்கு அவை எப்படியோ, இவளுக்கு வேண்டாம்.

“ஏங்க்கா? எதிர்ப்பு சக்தி கூடுனா நல்லதுதான?”

“அவளுக்கு எதிர்ப்பு சக்தி கொறைச்சலா இல்ல தம்பி. தப்பான பக்கம் திரும்பி நிக்குது. அதத் தூண்டிவிட்டா யார அடிக்கும்?”

“இத ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே” என்றான்.

புரோட்டீன் டப்பா ஒன்று இருந்தது. அவளுடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் நான் அதற்குச் சரி என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. மீன் எண்ணெய் மாத்திரையும் அப்படித்தான். இரண்டையும் டாக்டரம்மாவிடம் காட்டச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்போது நம் மேல் இருக்கிற மரியாதை குறைந்துபோகும் என்று பயப்படாதீர்கள். அன்றைக்கு அவன் என்னை நம்பியதே அந்த இரண்டு டப்பாவை நான் எடுத்துத் தனியாக வைத்ததால்தான்.

அதற்குப் பிறகு சில மாசம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. திடீரென்று செல்வி வருவது நின்றுபோனது. மதுரையிலேயே மருந்து வாங்கிக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி மாசத்தில் ஒருநாள் கடைக்கு முன்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. இறங்கியவளை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. குடை இல்லை. முழுக்கைச் சட்டை இல்லை. தலை நிறைய மல்லிகைப்பூ. கன்னம் இரண்டும் உருண்டு பளபளவென்று இருந்தது.

“என்னக்கா, ஆளு தெரியலையா?” கடைக்குள் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள். அந்தச் சத்தத்தை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். கண்மாய்க் கரையிலிருந்து அவள் கொடுத்த சத்தம் இதுதான் என்று தெரிந்தது.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நோயாளி நன்றாக வந்து நிற்பதைப் பார்ப்பதைவிட நம் தொழிலில் வேறு என்ன கிடைக்கிறது? ஆனால் அவள் கையை நீட்டியபோது முழங்கைக்குக் கீழே கறுநீலமாகக் கன்றிப்போன தடங்கள் தெரிந்தன. கன்னத்து ஓரத்தில் மெல்லிய பூனைமுடி வளர்ந்திருந்தது. “பசின்னா பசி, நட்ட நடு ராத்திரில எந்திரிச்சுப் பழைய சோத்த அள்ளித் திங்கிறேன்” என்று அவளே சொன்னாள். சந்தோஷம் எனக்குள் மெதுவாக வடிந்தது.

“என்ன சாப்பிடுற செல்வி?”

கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தாள். மேலே ஒரு பச்சை இலைப் படம். முழுக்க முழுக்க இயற்கை என்று எழுதியிருந்தது. எங்கே செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. உள்ளே பழுப்பு நிறத்தில் கேப்சூல்.

மூன்று மாசத்துக்கு முன்னால் அவள் நாத்தனார் பாண்டியம்மாள் கொடுத்ததாம். கருப்பசாமியின் அக்கா. ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குப் போய், அங்கே பேசியவர்களை நம்பி, இதை வாங்கி ஊருக்குள் விற்றுக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் சும்மா கொடுத்தாள்.

“மூணாம் நாளே வலி போயிருச்சுக்கா. கை மடங்குது பாருங்க.” விரல்களை மடக்கி விரித்துக் காட்டினாள். “கண்மாய்க்குப் போயிட்டு வந்தேன். வேலைக்குத் திரும்பக் கூப்பிடுறேன்னு சொல்லிருக்காக.”

“மதுரை மாத்திரை?”

“அதெல்லாம் விட்டாச்சு. அதான் நல்லாயிருச்சே.”

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். இப்படி வலி மாயமாகப் போனால், முகம் உருண்டால், உடம்பில் கன்றிப்போனால், இயற்கை என்று எழுதிய டப்பாவுக்குள் யாரோ ஸ்டீராய்டைக் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அது தெரிந்தவுடன், தூக்கி எறி என்று கத்தத்தான் வாய் வரும். அப்படிச் சொல்லிவிடாதீர்கள். மாசக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால், உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே சுரப்பதை நிறுத்திவிடும். வெளியிலிருந்து வருவதும் சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பிடு என்றும் சொல்ல முடியாது, நிறுத்து என்றும் சொல்ல முடியாது. உடனே டாக்டரிடம் போக வைப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

அவளை உள்ளே கூட்டிவந்து ஸ்டூலில் உட்காரவைத்தேன். கடை முதலாளி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டார். மதுரை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். “நிறுத்த வேண்டாம். டப்பாவோட நாளைக்கே வரச்சொல்லுங்க” என்றார். அதை அப்படியே செல்வியிடம் சொன்னேன். அதில் என்ன கலந்திருக்கலாம் என்பதையும் சொன்னேன். அவள் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.

“பொய்யாக்கா? இவ்வளவு நல்லாருக்கிறது பொய்யா?”

டப்பாவை மூடி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

“இந்த வாரம் ஊர்ல அம்மன் பொங்கல்க்கா. நாலு வருசமா நான் முளைப்பாரி தூக்கல. வீட்டு ஜன்னல்ல நின்னு மத்தவ தூக்கிட்டுப் போறதப் பார்த்துட்டு அழுதுக்கிட்டு இருந்தேன். இந்த வருசம் பயிறு போட்டு முளைக்க வச்சிருக்கேன். அத மட்டும் தூக்கிட்டு மறுநாளு மதுரைக்குப் போறேன். சாமி சத்தியமா போறேன்.”

அவளைப் பிடித்து வண்டியில் ஏற்ற என்னால் முடியாது. திட்டினால் அடுத்த தடவை என்னிடம் வரவே மாட்டாள். டாக்டரம்மாவிடம் மறுபடி பேசினேன். அவர் பெருமூச்சு விட்டார். “சரி, ஆனா ஒரு வேளகூட விடக் கூடாது. காய்ச்சல், வாந்தி எது வந்தாலும் அந்த நிமிசமே ஆஸ்பத்திரி” என்றார். அதை செல்வியை மூன்று தடவை திருப்பிச் சொல்லவைத்தேன். கருப்பசாமிக்கும் போன் செய்து சொன்னேன்.

பொங்கல் அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் எனக்கு மனசே கடையில் இல்லை. அவள் தலையில் பச்சைப் பயிரோடு வெயிலில் நடந்து வருவது கண்ணுக்குள் நின்றது. அப்படி நடக்கட்டும் என்றும் ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

மறுநாள் பகலில் கருப்பசாமி கடைக்கு ஓடிவந்தான்.

“அக்கா, ஓஆர்எஸ் ரெண்டு பாக்கெட்டு, குளுக்கோஸ் ஒண்ணு குடுங்க. அவளுக்குக் கறிச்சோறு ஒத்துக்கல. ஒரே வாந்தி.”

பொங்கல் முடிந்த ஊரில் அதுவும் சகஜம்தான். காலையிலிருந்து அதே மாதிரி ஏழெட்டுப் பேர் வந்து வாங்கிப் போயிருந்தார்கள். பாக்கெட்டை எடுக்கக் கை போய்விட்டது. ஆனால் கேட்டேன். “டப்பா மாத்திரை சாப்பிட்டாளா?”

அவன் தலையைக் குனிந்தான். “நீங்க சொன்னத அவ எங்கக்காகிட்டச் சொல்லியிருக்கா. எங்கக்காவுக்குக் கை காலு ஓடல. ‘வெசத்தையா குடுத்தேன், இனிமே இத நீ தொடக் கூடாது’ன்னு டப்பாவோட கிணத்துக்குள்ள வீசிட்டா. பொங்கலுக்கு முன்னாடியே. ரெண்டு நாளுதான, தாங்கிக்கிருவோம்னு இவளும் இருந்துட்டா. என்கிட்ட இப்பத்தான் சொல்றாக.”

“செல்வி எங்க?”

“வண்டில.”

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தேன். லோடு வண்டியின் முன் சீட்டில் அவள் சரிந்து கிடந்தாள். அந்த வெயிலிலும் நெற்றி சில்லென்று வேர்த்திருந்தது. நாடியைப் பிடித்தால் நூல் மாதிரி ஓடியது. “முளைப்பாரிய எறக்கி வச்சுட்டேன்க்கா” என்றாள். அதற்குமேல் பேச்சு குழறியது.

“ஓஆர்எஸ்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். வண்டிய எடு” என்று சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். முதலாளி பின்னால் என்னவோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கூட்டம். அங்கேயும் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று நாலைந்து பேர் படுத்திருந்தார்கள். இவளையும் அவர்களோடு சேர்த்து வரிசையில் படுக்கவைத்துவிட்டால் நேரம் போய்விடும். டூட்டி டாக்டர் சின்னப் பையன். அவர் முன்னால் போய் நின்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். “சார், லூபஸ் பேஷண்டு. மூணு மாசமா ஒரு டப்பா மருந்து சாப்பிட்டிருக்கா. ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு சந்தேகம். திடீர்னு நிறுத்தி ரெண்டு மூணு நாளு ஆச்சு. இப்ப வாந்தி, மயக்கம்.”

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். உடனே எழுந்து வந்தார். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் கருவியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஊசி போட்டார்கள், சலைன் ஏற்றினார்கள். சாயங்காலம் செல்வி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். கருப்பசாமி சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். நானும் அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

வெளியே வராண்டாவில் பாண்டியம்மாள் இருந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். “நான் கொல்லணும்னா குடுத்தேன்? எந்தம்பி வீட்டுல அவ சிரிக்கிற சத்தம் கேக்கணும்னுதான் குடுத்தேன். வேணாம்னதும் நான்தான தூக்கி எறிஞ்சேன். அதுவும் தப்பாம்ல. நான் என்னதான் செய்ய?”

அவளைக் குற்றம் சொல்ல அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். கருப்பசாமியே அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் என் மனசில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

“பாண்டி, இங்க பாரு. இந்த மருந்த இன்னும் யார் யாருக்குக் குடுத்த?”

அவள் அழுகை நின்றது. யோசித்தாள். முழங்கால் வலிக்காரிகள், இடுப்புப் பிடித்தவர்கள் என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. இங்கே நடந்தது இந்நேரம் ஊருக்குள் போயிருக்கும். ஒவ்வொருத்தியும் பயந்துபோய் டப்பாவைக் குப்பையில் போட்டால் என்ன ஆகும்?

“நீ அழுகுறத அப்புறம் வச்சுக்க. இப்பவே கெளம்பு. வீடு வீடாப் போ. தூக்கி எறியாதீக, டப்பாவ எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பாக. உன் முகத்துக்குத்தான வாங்குனாக.”

“என்னையப் பேசுவாகளே.”

“பேசட்டும்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆட்டோ நிறையப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். எல்லார் கையிலும் பச்சை இலை போட்ட டப்பா. வழியெல்லாம் அவளை என்ன பேசினார்களோ, முகம் கறுத்திருந்தது. ஆனால் ஒவ்வொருத்தியையும் கையைப் பிடித்து உள்ளே அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் போனாள். அவளும் முழங்காலுக்கு அதையே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டப்பாவில் இருந்தது இன்னதுதான் என்று கடைசிவரை எங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. செல்வியின் ரத்தத்தைப் பார்த்த மதுரை டாக்டரம்மா, வெளியிலிருந்து ஸ்டீராய்டு போய் உடம்பின் சுரப்பு நின்றுபோயிருக்கிறது என்றார். அளவு தெரிந்த மருந்தாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பழைய மாத்திரைகளைத் திரும்ப ஆரம்பித்தார். அந்த விற்பனைக்காரர்கள் ஊர்ப்பக்கம் பிறகு வரவில்லை.

குறையக் குறைய முகத்தின் உருட்சி போயிற்று. வலி திரும்பி வந்தது. முழுக்கைச் சட்டையும் குடையும் வந்தன. காப்பாற்றியதற்கு நன்றி சொல்வாள் என்று நீங்கள் நினைக்கலாம். சில மாசம் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாத்திரையை வாங்குவாள், போய்விடுவாள். எனக்கு அது வலித்தது. ஆனால் அவளிடமிருந்து எதைப் பிடுங்கினோம் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் மழை தூறிக்கொண்டிருந்தது. கடையில் யாரும் இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு அவள் போகவில்லை.

“அந்த மூணு மாசம் நான் நானா இருந்தேன்க்கா” என்றாள். “எல்லாரும் உயிர் பொழச்சயேங்கிறாக. ஆமா, பொழச்சேன். ஆனா அந்த நாளு மாதிரி ஒரு நாளு திரும்பக் கெடைக்குமான்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாக. எங்க வீட்டுல இவுகளும் கேக்கல. அந்தப் பேச்ச எடுத்தாலே இவுகளுக்குப் பயம் வந்துருது.”

“நான் கேக்குறேன். சொல்லு” என்றேன்.

மழை விடும்வரை சொன்னாள். விடிகாலையில் வலியில்லாமல் எழுந்து முற்றம் பெருக்கியது, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தது. லோடு வண்டியில் கருப்பசாமிக்குப் பக்கத்தில் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தில் வெயில் படப் படக் குமாரலிங்கபுரம்வரை போய்விட்டு வந்தது. முளைப்பாரியின் ஈரம் நெற்றியில் வழிந்தது. கடைசி நாளில் கால் தள்ளாடியபோதும் இறக்கிவைக்க மனசு வராதது. எல்லாவற்றையும் சொன்னாள். நான் எந்த மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நம்மிடம் வந்து ஒரு சத்து மாத்திரை கேட்கிறவர்கள், பாதிப்பேருக்குமேல், மாத்திரையைக் கேட்பதில்லை. ஒரு காலத்தில் தங்களிடம் இருந்த உடம்பைக் கேட்கிறார்கள். வேண்டாம் என்ற ஒரு வார்த்தையோடு திருப்பி அனுப்பினால் அந்த ஏக்கத்தோடு அவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். அங்கே யாராவது ஒரு பச்சை இலை டப்பாவோடு காத்திருப்பான். அவன் அவர்கள் பேச்சைப் பொறுமையாகக் கேட்பான். அதுதான் அவன் வியாபாரம். அதனால்தான் ‘எதுக்கு வேணும்னு தோணுச்சு’ என்று கேட்கச் சொன்னேன்.

செல்விக்கு இப்போது நோய் அடங்கியிருக்கிறது. முழுதாகப் போகவில்லை. பஞ்சாயத்து ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். பொழுது சாய்ந்த பிறகு கண்மாய்க் கரையில் கருப்பசாமியோடு நடக்கிறாள். டாக்டரம்மா சரி என்று சொல்லாமல் ஒரு டப்பாவையும் வீட்டுக்குள் விடுவதில்லை. அந்த விஷயத்தில் பாண்டியம்மாள் அவளைவிடக் கறார்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின மாசம் செல்வி கடைக்கு வந்தாள். வழக்கமான மாத்திரைகளை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். போகாமல் நின்றாள். கண்ணாடி அலமாரியில் இருந்த டப்பாக்களை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

“அக்கா, எனக்கு எல்லாம் தெரியும். வாங்க மாட்டேன். சும்மாதான் கேக்குறேன்” என்றாள். “புதுசா ஏதாச்சும் வந்துருக்கா?”

“இல்ல செல்வி.”

“நெசமா இல்லையா?”

“இன்னும் இல்ல.”

பையை எடுத்துக்கொண்டாள். குடையை விரித்தாள். வெளியே வெயிலில் கண் கூசியது.

“சரிக்கா. அடுத்த மாசம் வந்து கேக்குறேன்.”